கனகம் பேசிய நான்கு நிமிடம்

புதுச்சேரி
12 ஜூன் 2024

மதிப்பிற்குரிய கனகம் அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. பெயர் கதிரவன். சொந்த ஊர் உங்கள் காரைக்கால் பக்கத்து வரிச்சிக்குடி. அப்பா இன்னும் அங்கேதான் நெல் பயிரிட்டுக்கொண்டு இருக்கிறார். எனக்குப் புதுச்சேரியில் அரசாங்க வேலை. வேலை போக, ஒரு சிறுபத்திரிகையில் மாதாமாதம் 'கண்ணில் படாத படங்கள்' என்று ஒரு பக்கம் எழுதுகிறேன். நல்ல படமாக இருந்தும் யாரும் பார்க்காமல் போனவற்றைத் தேடிப் பிடித்து, 'இதைக் கொஞ்சம் பாருங்கள்' என்று நாலு பேருக்குச் சொல்வதுதான் அந்தப் பக்கத்தின் வேலை. ஆறு வருடமாக இதைச் செய்கிறேன். ஒரு லாரி கிளீனரின் ஒரே ஒரு நாளைப் பற்றி சேலம் பக்கம் எடுத்த படம் ஒன்று. முப்பது பேர்கூடப் பார்த்திருக்கவில்லை. நான் எழுதிய பிறகு மூன்று ஊரில் போட்டுப் பார்த்தார்கள். எனக்கு வேறு சந்தோஷம் தேவையில்லை.

போன மாதம் சென்னையில் இயக்குநர் சிவநாதனைப் பார்த்தேன். 2007இல் உங்கள் ஊரில் அவர் எடுத்த 'வாடைக்கு முந்தின நாள்' படத்தைத் தன் பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து போட்டுக் காட்டினார். சென்னையில் மூன்று நாள், பகல் காட்சி மட்டும் ஓடிய படம். காரைக்காலுக்கு வரவே இல்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள் என்றார்.

அந்தப் படத்தில் நீங்கள் அரிவாள்மனையில் மீன் அரிந்துகொண்டே பேசும் நான்கு நிமிடத்தை நான் பதினோரு முறை பார்த்துவிட்டேன். "காய்ச்சலா இருக்குக்கா, இன்னிக்கி வேணாம்னான் காத்து. பொண்டாட்டி முந்தானைக்குள்ளயே படுத்துக் கெடடான்னேன். எந்திரிச்சுப் போயிட்டான். அவ்வளவுதான்." அதைச் சொல்லிவிட்டு நீங்கள் மீனைத் திருப்பிப் போடுகிறீர்கள். கை நடுங்கவில்லை. எத்தனையோ பெரிய நடிகைகளைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு நடிப்பைப் பார்த்ததில்லை.

ஜூலை இதழில் எழுதுகிறேன். படத்தை இணையத்தில் இலவசமாகப் போட சிவநாதன் சம்மதித்துவிட்டார். அந்தக் காட்சிக்கு எப்படித் தயாரானீர்கள் என்று இரண்டு வரி எழுதி அனுப்பினால் கட்டுரையில் சேர்த்துக்கொள்வேன்.

அன்புடன்,
கதிரவன்


திருமலைராயன்பட்டினம்
20-6-2024

கதிரவன் சாருக்கு,

கனகம் எழுதுறது. தடைக்காலம் முடிஞ்சு படகெல்லாம் போவ ஆரம்பிச்சிருச்சு, அதனால எழுத நேரம் கெடைக்கல. ஒம்பதாவது வரைக்கும்தான் படிச்சேன், தப்பிருந்தா பொறுத்துக்குங்க.

உங்க லெட்டரை போஸ்ட்மேன்கிட்ட என் தம்பி பொண்டாட்டி நந்தினிதான் வாங்கினா. யாருண்ணி புதுச்சேரிலேந்துன்னு கேட்டா. மீன் சொசைட்டி கடுதாசின்னு பொய் சொல்லிட்டு எடுத்துக்கிட்டேன். இனிமே வீட்டு அட்ரசுக்கு எழுதாதீங்க. போனும் பண்ணாதீங்க, எங்க வீட்டுல இருக்குற ஒரு போனும் தம்பி மவன் மாறன் கையிலதான் இருக்கு.

அந்தப் படத்தைப் பத்தி எழுத வேணாம் சார். வெளியிலயும் போட வேணாம். எனக்கு நடிக்கத் தெரியாது. படம் ஓடலன்னு சிவநாதன் சார் அன்னிக்கி ஆளு விட்டுச் சொன்னப்ப, நான் நாகூருக்குப் போயி ஆண்டவருக்குப் புறா விட்டுட்டு வந்தேன். ஏன்னு கேக்காதீங்க.

அவசியம்னா மட்டும் கீழ இருக்குற அட்ரசுக்கு எழுதுங்க. ஷஃபீனா டீச்சர் வீடு. நான் தினம் மீன் குடுக்குற வீடு. அவங்க பிரிக்க மாட்டாங்க.

கனகம்


புதுச்சேரி
27 ஜூன் 2024

அன்புள்ள கனகம் அக்கா,

அக்கா என்று எழுதுவதை ஏற்றுக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. நம் பக்கத்து ஊர்களில் ஒரு பெண் சினிமாவில் முகம் காட்டினால் என்னென்ன பேசுவார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் பதினேழு வருடம் ஓடிவிட்டது. இன்றைக்கு அதே ஜனங்கள் உங்களைப் பார்த்துப் பெருமைப்படுவார்கள். மாறன் பெருமைப்படுவான். உங்களிடம் இருக்கும் திறமை உங்களுக்கே தெரியவில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

தவிர, உங்கள் கடிதம் வருவதற்குள் கட்டுரை அச்சாகிவிட்டது. இனி நிறுத்த வழியில்லை. இதழ் வந்ததும் டீச்சர் முகவரிக்கு ஒரு பிரதி அனுப்புகிறேன். படித்துப் பார்த்தால் உங்கள் பயம் போய்விடும்.

அன்புடன்,
கதிரவன்


திருமலைராயன்பட்டினம்
8-7-2024

கதிரவன் சாருக்கு,

புஸ்தகம் வந்திச்சு. டீச்சர் வீட்டு அடுப்படியில உக்காந்து படிச்சேன். உங்களைத் தம்பின்னுதான் எழுதணும், நீங்க சின்னவரு. எழுத வரல. சார்னே எழுதுறேன்.

நீங்க நடிப்பு நடிப்புன்னு எழுதியிருக்கீங்க. அதுல ஒரு வார்த்தைகூட நடிப்பு இல்ல சார். காத்துங்கறது என் தம்பி காத்தமுத்து. நந்தினியோட புருசன், மாறனோட அப்பன். ரெண்டாயிரத்தஞ்சு ஐப்பசியில செத்துட்டான்.

அப்ப நான் புருசன் வீட்டுலேந்து வந்து தம்பி வீட்டுல இருந்தேன். என் வீட்டுக்காரரு இன்னொருத்தியோட போயிட்டாரு. அம்மா, நான், தம்பி, நந்தினி, மாறன் ஒரு வயசுக் கொழந்தை. முந்தின நாளு நந்தினிக்கும் தம்பிக்கும் சண்டை. கிளிஞ்சல்மேட்டுல அவ தங்கச்சிக்கு வளைகாப்பு, போவணும்னா. இவன் இப்ப வேணாம்னான். சின்னச் சண்டைதான். காலைல அவ எந்திரிக்கல, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தா. இவன் வாசல்ல வந்து எங்கிட்ட, காய்ச்சலா இருக்குக்கா, கடலும் சரியில்ல, இன்னிக்கி போவலன்னான். கூடப் போற ரெண்டு பேரும் வலையோட நிக்கிறாங்க. எனக்கு என்ன வந்துச்சோ. என் புருசன் மேல இருந்த ஆத்திரத்தையெல்லாம் அவன் மேல கொட்டினேன். அதைத்தான் நீங்க புஸ்தகத்துல போட்டிருக்கீங்க. அவன் துண்டை எடுத்துத் தலையில கட்டிக்கிட்டுப் போனான். முகத்துவாரத்துல அலை அடிச்சு படகு கவுந்திடுச்சு. மத்த ரெண்டு பேரும் நீந்தி வந்துட்டாங்க. காய்ச்சக்காரனால முடியல.

ரெண்டு நாள் கழிச்சுக் கெடச்சான். பொணத்தை வீட்டு வாசல்ல போட்டிருக்கு. ஊரே நிக்கிது. எங்கம்மா நந்தினி தலைமயிரைப் புடிச்சு, "போறவனுக்கு மூஞ்சி காட்டாம அனுப்பினியேடி பாவி"ன்னு கத்துச்சு. நந்தினி மறுத்துப் பேசல. அதான் உண்மைன்னு நெனச்சுக்கிட்டா. நான் பக்கத்துலயே நின்னேன் சார். வாயைத் தொறக்கல.

அன்னிலேந்து தெருவுல அவளுக்கு அதுதான் பேரு. மூஞ்சி காட்டாதவ. ஒரு வளைகாப்புக்குக் கூப்புட மாட்டாங்க. படகு எறங்குற நேரத்துல அவளே வாசலுக்கு வர மாட்டா, கடலுக்குப் போறவங்க கண்ணுல படக்கூடாதுன்னு உள்ளாறயே உக்காந்திருப்பா. இருவத்திரெண்டு வயசுல உக்காந்தவ, இப்ப நாப்பத்தொண்ணு. அம்மா செத்து ஏழு வருசமாச்சு. நானும் அவளும்தான் கூடைதூக்கி மீன் வித்து மாறனை வளத்தோம். ஒரே தட்டுல சாப்புட்டிருக்கோம். ஒருநாளும் நான் சொல்லல. இன்னிக்கி சொல்லலாம், நாளைக்கி சொல்லலாம்னே வருசம் போயிடிச்சு. அப்புறம் சொன்னா, இத்தனை வருசம் ஏன் சொல்லலங்கறதுக்கும் பதில் சொல்லணும்ல.

சிவநாதன் சார் வந்தப்ப நந்தினி அவ அம்மா வீட்டுக்குப் போயிருந்தா. கொல்லையில வெச்சு எடுத்தாங்க, அம்மாவோ தெருக்காரங்களோ கேக்கல. அவரு எழுதிக் குடுத்ததை எனக்குச் சொல்ல வரல. "எழுதினதை விடுங்கம்மா, யாரையாவது நெனச்சு உங்க மனசுல இருக்குறதைச் சொல்லுங்க"ன்னாரு. ஊர்ல ஒருத்தர்கிட்டயும் சொல்ல முடியாததை ஒரு மெசினுகிட்ட சொல்லிடலாம்னு தோணிச்சு. மெசினு மெட்ராசுக்குப் போயிடும்னு நெனச்சேன்.

புஸ்தகம் எங்க தெருவுல யாரும் படிக்க மாட்டாங்க. படத்தை மட்டும் எப்புடியாவது எடுத்துடுங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன்.

கனகம்


புதுச்சேரி
15 ஜூலை 2024

கனகம் அக்கா,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன். படித்து முடித்ததும் அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 'எழுத வேணாம்' என்ற உங்கள் கடிதம் எனக்கு ஜூன் 24ஆம் தேதியே கிடைத்துவிட்டது. இதழ் அச்சுக்குப் போனது 28ஆம் தேதி. அச்சாகிவிட்டது என்று நான் உங்களுக்கு எழுதிய அன்று அது அச்சாகியிருக்கவில்லை. ஆசிரியர் சுப்ராயனிடம் ஒரு போன் செய்திருந்தால் நின்றிருக்கும். செய்யவில்லை. ஆறு வருடத்தில் நான் எழுதியதிலேயே நல்ல கட்டுரை அது என்று நினைத்தேன். அதை இழக்க மனம் வரவில்லை. நீங்கள் வேண்டாம் என்றது கூச்சத்தால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

படம் இந்த மாதம் ஐந்தாம் தேதி இணையத்தில் ஏறியது. உங்கள் கடிதம் வந்த அன்றே சிவநாதனிடம் பேசினேன். அவருக்கும் விஷயம் தெரிந்திருக்கவில்லை. ஏதோ சொந்தக் கதை என்று அப்போதே சந்தேகப்பட்டதாகவும், கேட்டால் காட்சி கைவிட்டுப் போய்விடுமோ என்று கேட்கவில்லை என்றும் சொன்னார். ஒரு மணி நேரத்தில் படத்தை எடுத்துவிட்டார். ஆனால் யாரோ அந்த நான்கு நிமிடத்தை மட்டும் வெட்டிப் பரப்பியிருக்கிறார்கள். அது எத்தனை பேர் போனில் இருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. என் கட்டுரையைப் படித்துவிட்டு வெட்டியதாகத்தான் அதன் கீழே எழுதியிருக்கிறது.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நந்தினி அதைப் பார்ப்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் வந்து சொல்ல வேண்டும் என்றால் வருகிறேன்.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி இருப்பதாகத் தெரியவில்லை.

கதிரவன்


திருமலைராயன்பட்டினம்
5-8-2024

கதிரவன் சாருக்கு,

உங்க லெட்டர் பத்தொம்பதாம் தேதி கெடச்சிச்சு. ஆடி முதல் வெள்ளி அது. அன்னிக்கே சொல்லிடணும்னு நெனச்சேன். கோயில்லேந்து வந்து, சோறு வடிச்சு, அவளுக்குப் போட்டு, எதிர்ல உக்காந்தும் சொல்ல வரல. ரெண்டாவது வெள்ளியும் வரல.

போன செவ்வாக்கெழமை மதியானம் மாறன் துறைமுகத்துலேந்து ஓடியாந்தான். கூட்டாளி எவனோ காட்டியிருக்கான். மூச்சு வாங்க சிரிக்கிறான் சார். "அத்தை, இது நீதானே! எங்கிட்ட சொல்லவே இல்ல பாத்தியா!" அவனுக்கு அவ்வளவு சந்தோசம். என்ன பேசுறேன்னு அவன் காதுல ஏறவே இல்ல. அப்பன் பேரை ஊருல காத்தமுத்துன்னுதானே சொல்லுவாங்க, காத்துன்னு கூப்புட்டது நாங்க மட்டும்தான். "அம்மா, இங்க வா, அத்தை சினிமாவுல நடிச்சிருக்கு"ன்னு அவளைக் கூப்புட்டான்.

நந்தினி ஈரக்கையோட வந்து நின்னுக்கிட்டே பாத்தா. முடிஞ்சதும், "இன்னொரு வாட்டி போடுடா"ன்னா. போட்டான். அதுக்குள்ள அவனுக்கும் என் மூஞ்சியைப் பாத்து ஏதோ புரிஞ்சிடிச்சு. போனைக் கையில வெச்சுக்கிட்டு அப்புடியே நின்னான்.

"அவருக்குக் காய்ச்சலா இருந்துச்சா அண்ணி?" அதான் அவ கேட்ட மொத வார்த்தை.

ஆமான்னேன்.

"எங்கிட்ட சொல்லலையே."

அப்பதான் சார் நான் மெசினுகிட்டகூட சொல்லாததைச் சொன்னேன். வாசல்ல வந்து நின்னப்ப அவன், "நந்தினியை எழுப்பாதக்கா. ராத்திரி பூரா புள்ள அழுதுச்சு, இப்பதான் கண்ணசந்திருக்கா"ன்னான். அப்புறம்தான் காய்ச்சல்னான். அவனுக்கு அவ மேல கோவமே இல்ல. அதனாலதான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்துச்சு. பொண்டாட்டி மேல இவ்வளவு கரிசனமான்னு. எனக்குன்னு அப்புடி ஒருத்தன் இல்லையேன்னு. அதுலதான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

நந்தினி ஈரக்கையை முந்தானையில தொடச்சுக்கிட்டா. அப்புறம், "நீங்க ஏசுனதைச் சொல்லாம வெச்சுக்கிட்டிருக்கலாம் அண்ணி. அவரு எழுப்ப வேணாம்னு சொன்னதையாவது சொல்லியிருக்கலாமே. அதை வெச்சுக்கிட்டே நான் காலத்தை ஓட்டியிருப்பேனே"ன்னா.

அடிச்சிருந்தா தேவலாம்னு இருந்துச்சு.

மறுநாள் ரெண்டு பையில துணியை எடுத்துக்கிட்டு கிளிஞ்சல்மேட்டுக்கு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. மாறனும் கூடப் போனான். போறப்ப அவன் என்னைத் திரும்பிப் பாக்கல.

நீங்க வர வேணாம். உங்க மேல கோவப்படவும் என்னால முடியல. நீங்க பொய் சொன்னது நாலு நாளுக்கு. நான் சொல்லாம வெச்சிருந்தது எத்தனை வருசம்னு உங்களுக்கே தெரியும்.

கனகம்


புதுச்சேரி
22 செப்டம்பர் 2024

கனகம் அக்கா,

ஏழு வாரமாக எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டே இருந்தேன்.

போன மாதம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று வரிச்சிக்குடிக்கு வந்தேன். ஒருநாள் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் பஸ் நிறுத்தம் வரை வந்துவிட்டேன். ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டேன்.

பத்திரிகையில் என் பக்கத்தை நிறுத்திவிட்டேன். சுப்ராயன் காரணம் கேட்டார், சொல்லவில்லை. ஆறு வருடமாக எழுபது படங்களுக்கு மேல் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் 'அசலான முகங்கள்' என்று ஒரு வரியாவது எழுதியிருப்பேன். அந்த முகத்துக்கு ஒரு வீடு இருக்கும், அந்த வீட்டில் இன்னும் நாலு பேர் இருப்பார்கள் என்று ஒரு தடவையும் நினைத்ததில்லை.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கேரளத்தில் ஒரு திரைப்பட விழாவில் 'வாடைக்கு முந்தின நாள்' படத்தைக் கேட்கிறார்கள். சிவநாதன், "கனகம் அம்மா சரி என்றால் கொடுக்கிறேன், வேண்டாம் என்றால் டிஸ்க்கை அவரிடமே கொடுத்துவிடுகிறேன்" என்கிறார். படம் நல்ல படம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் பாருங்கள் என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன். நீங்கள் சொல்வதுதான் முடிவு. அவசரம் இல்லை.

கதிரவன்


திருமலைராயன்பட்டினம்
12-11-2024

கதிரவன் சாருக்கு,

அப்பா எப்புடி இருக்காங்க? இந்த மழைக்கு உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க.

போன வெள்ளிக்கெழமை காத்தமுத்து செத்த நாளு, படையல். யாரும் வர மாட்டாங்கன்னு நெனச்சுத்தான் எலை போட்டேன். பத்து மணிக்கு நந்தினியும் மாறனும் வந்தாங்க. எங்கிட்ட பேசல. அவளே சட்டியை எறக்கி, அவளே படைச்சா. கும்புட்டு முடிச்சதும், "முழுப் படத்தையும் நான் பாக்கணும்"னா.

டிஸ்க்கை டீச்சர் அட்ரசுக்கே அனுப்பச் சொல்லி சிவநாதன் சாருக்கு ஒரு கார்டு போட்டிருந்தேன். அடுப்புல போட்டுடலாம்னுதான் வாங்கி வெச்சேன். மனசு வரல. கேரளாவுல படத்தைக் கேக்குறதையும் அவகிட்ட சொன்னேன். டீச்சர் வீட்டு டிவியில மாறன் மாட்டினான். நான் வெளி வராண்டாவுல உக்காந்துக்கிட்டேன். உள்ள போவ தைரியம் இல்ல. என் குரல் எனக்கே கேட்டுச்சு.

பாத்துட்டு நந்தினி வெளியில வந்தா. நான் என்ன நெனச்சேன்னா, இதை அழிச்சிடுங்கன்னு சொல்லுவான்னு. அவ சொன்னது வேற.

"கேரளாக்காரங்களுக்குக் காட்டுறது அப்புறம் இருக்கட்டும். மொதல்ல நம்ம தெருவுல காட்டணும். என்னைப் பேரு சொல்லிக் கூப்புடாம, மூஞ்சி காட்டாதவன்னே கூப்புட்டாங்கள்ல, அத்தனை பேரும் உக்காந்து பாக்கணும்."

ஊருக்குத் தெரிஞ்சா என்னை என்ன சொல்லுவாங்கன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"என்னைச் சொன்னப்ப நீங்க நின்னு பாத்தீங்கள்ல"ன்னா.

அவளே பஞ்சாயத்தார்கிட்ட போயிக் கேட்டுட்டு வந்துட்டா. அவ இத்தனை வருசத்துல பஞ்சாயத்தார் வாசப்படி ஏறினது அன்னிக்கித்தான். டிசம்பர் எட்டாம் தேதி ஞாயித்துக்கெழமை, சமுதாயக்கூடத்துல, மதியம் மூணு மணி. சன்னலெல்லாம் சாத்திட்டா இருட்டாத்தான் இருக்கும். மழைக்காலம், படகு அவ்வளவா போவாது, ஆம்பளைங்களும் ஊர்லயே இருப்பாங்க. பெரிய திரையும் மெசினும் எங்ககிட்ட இல்ல. நீங்க ஊர் ஊரா படம் போட ஏற்பாடு பண்ணுனவரு, உங்களால கொண்டாந்து மாட்ட முடியுமா? நந்தினிதான் உங்ககிட்ட கேக்கச் சொன்னா. உங்க மேல அவளுக்குக் கோவம் இருக்கு, ஆனா வரச் சொன்னா. இந்தப் படத்தைப் பாருங்கன்னு எங்க ஜனங்ககிட்ட ரெண்டு வார்த்தை சொல்லணுமாம்.

அவ திரும்ப எங்கூட வந்து இருப்பாள்னு நெனச்சு இதைச் செய்யல. படம் முடிஞ்சதும் கிளிஞ்சல்மேட்டுக்கே போயிடுவேன்னு சொல்லிட்டா. மாறன் மட்டும் போறப்ப, "சாப்புட்டியா அத்தை"ன்னான். அது போதும்னு இருக்கேன்.

இன்னொண்ணும் கேட்டிருக்கா. அன்னிக்கி மொத வரிசையில நான் உக்காரணும். படம் முடிஞ்சதும் எந்திரிச்சு எல்லாரையும் பாத்து நின்னு, படத்துல இல்லாத அந்த ஒரு விசயத்தை, அவளை எழுப்ப வேணாம்னு தம்பி சொல்லிட்டுப் போனதை, என் வாயால சொல்லணும். சொல்றேன்னு ஒத்துக்கிட்டேன். தினம் காலைல கூடையை எறக்கி வெச்சுட்டு, மீன் அரியறப்ப, ஒரு வாட்டி சொல்லிப் பாத்துக்குறேன். பாதிதான் வருது, அப்புறம் அடுத்த மீனை எடுத்துடுறேன்.

அன்னிக்கி நான் பேசுறதை மட்டும் யாரும் போன்ல எடுக்காம பாத்துக்குங்க சார்.

கனகம்